எடைமேடை சொல்லாத கணக்கு

குத்துச்சண்டையைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடையே ஒரு தீர்ப்பு ஏறக்குறைய முடிந்த முடிவாகப் புழங்குகிறது. 1940களில் வெல்டர்வெயிட் பிரிவை ஆண்ட சுகர் ரே ராபின்சனை இன்றைய ரிங்கில் ஏற்றினால் டெரன்ஸ் கிராஃபோர்டுக்கோ எரால் ஸ்பென்ஸுக்கோ ஈடுகொடுக்க மாட்டார் என்கிறார்கள். காரணங்களும் கைவசம் இருக்கின்றன. இன்றைய வீரர்கள் உடலால் பெரியவர்கள், வேகமானவர்கள். உணவும் பயிற்சியும் விஞ்ஞானமாகிவிட்டன. 1936இல் உலகத்தையே வியக்கவைத்த ஜெஸ்ஸி ஓவன்ஸ் இன்று உசேன் போல்ட்டோடு ஓடினால் பல அடி பின்தங்கித்தானே வருவார், குத்துச்சண்டையிலும் அப்படித்தான் இருக்கும் என்று முடித்துவிடுகிறார்கள். ராபின்சன் தன் காலத்துக்குப் பெரியவர், அதற்கு மேல் புகழ்வதெல்லாம் முதியவர்களின் ஏக்கம் என்பது இவர்கள் கட்சி.

எனக்கு இந்தத் தீர்ப்பில் துளியும் உடன்பாடு இல்லை. பழையது என்பதற்காக எதையும் தூக்கிப்பிடிக்கும் ஆள் நானில்லை. 1890களின் வீரர்களைக் கொண்டுவந்து இன்றைய சாம்பியன்களோடு மோதவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் அவர்கள் தோற்பார்கள் என்றே சொல்வேன். அப்போது இந்தக் கலை இன்னும் முளைவிட்டுக்கொண்டிருந்தது. 1940களில் அது முற்றிப் பழுத்திருந்தது. ராபின்சனுக்கு இன்றைய வெல்டர்வெயிட்டுகளால் உண்மையிலேயே தொல்லை வரக்கூடிய ஒரு காரணம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அதைச் சொல்வதே இல்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அவர்கள் சொல்லும் காரணங்கள்.

உடல் அளவிலிருந்து தொடங்கலாம். வெல்டர்வெயிட் பிரிவின் வரம்பு 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ. ராபின்சன் காலத்திலும் அதுதான், இன்றும் அதுதான். மாறியது எடை பார்க்கும் நேரம். அன்று சண்டை நடக்கும் நாளிலேயே எடை பார்த்தார்கள். பகலில் எடைமேடையில் ஏறிய அதே உடம்போடு இரவு ரிங்கில் ஏற வேண்டும். உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்து எடையைக் காட்டினால் சில மணி நேரத்தில் அந்த வறட்சியோடு 15 ரவுண்டு நிற்க வேண்டியிருக்கும். அதனால் 147 பவுண்டு என்று எழுதியவர் அநேகமாக 147 பவுண்டு மனிதராகவே இருந்தார். 1980களில் முந்தைய நாளே எடை பார்க்கும் வழக்கம் பரவியது. அதன்பின் வியர்க்கவைக்கும் உடை, வெந்நீர்த் தொட்டி, தண்ணீர்ப் பட்டினி என்று வற்றி 147 காட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க நீரும் சோறும் ஏற்றி, மறுநாள் இரவு 155, 160 பவுண்டோடு ரிங்கில் வந்து நிற்க முடிகிறது. ஐபிஎஃப் அமைப்பு தன் பட்டச் சண்டைகளில் மறுநாள் காலை இன்னொரு முறை எடை பார்த்து, வரம்புக்கு மேல் 10 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. பிரச்சினை எவ்வளவு முற்றிப்போயிருந்தால் இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கும்!

ஆகவே இன்றைய வெல்டர்வெயிட் பெரியவராகத் தெரிவதற்கு மனித இனம் வளர்ந்தது காரணமில்லை. அவர் அந்தக் காலக் கணக்கில் மிடில்வெயிட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர். எலும்புச் சட்டத்தை மட்டும் பார்த்தால் நிலைமை தலைகீழ். ராபின்சனின் உயரம் 5 அடி 11 அங்குலம். ஸ்பென்ஸ் 5 அடி 9½ அங்குலம். கிராஃபோர்டும், இதே பிரிவில் கோலோச்சிய அண்மைக்கால வீரர் மேவெதரும் 5 அடி 8 அங்குலம். அதே வரிசையில் வரும் பாக்கியாவ் 5 அடி 5½ அங்குலம். இவர்கள் எல்லோரையும்விட ராபின்சன்தான் நெட்டை. இன்றைய எடை விதியின் சலுகை அவருக்கும் கிடைத்திருந்தால் அந்தப் பிரிவின் மிகப் பெரிய உடம்பு அவருடையதாக இருந்திருக்கும்.

அந்தச் சலுகையே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். அவர் உண்மையான 145 பவுண்டோடும் எதிரே இருப்பவர் நீர் ஏற்றிய 160 பவுண்டோடும் நிற்கட்டும். அப்போது என்ன நடக்கும் என்று ஊகிக்கவே தேவையில்லை, அது நடந்தே இருக்கிறது. எதிரே நின்றவர் ஜேக் லமோட்டா. பிறவி மிடில்வெயிட், அடியை வாங்கிக்கொண்டு முன்னால் வந்துகொண்டே இருப்பவர், தாடை கருங்கல். 1942 அக்டோபரில் முதல் சண்டை, ராபின்சன் வென்றார். 1943 பிப்ரவரி 5 அன்று டெட்ராய்ட்டில் இரண்டாவது சண்டை. லமோட்டா 16 பவுண்டு கூடுதல் எடையோடு வந்தார். எட்டாவது ரவுண்டில் ராபின்சனைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளினார், புள்ளிக்கணக்கில் வென்றார். 40 சண்டைகளில் தோல்வியே காணாதவருக்கு அதுதான் முதல் தோல்வி. அடுத்து நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரி 19 அன்று நியூயார்க்கில் ஜாக்கி வில்சனோடு மோதி வென்றார். பிப்ரவரி 26 அன்று அதே டெட்ராய்ட்டில் அதே லமோட்டாவோடு மறுபடி மோதினார், வென்றார். மறுநாள் ராணுவத்தில் சேர்ந்தார். மொத்தம் ஆறு முறை இருவரும் மோதினார்கள். ஐந்தில் வென்றது ராபின்சன்.

எடை அதிகம் என்பதாலேயே இன்றைய வெல்டர்வெயிட் ராபின்சனை நசுக்கிவிடுவார் என்று சொல்பவர்கள் இந்த ஆறு சண்டைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். லமோட்டாவைவிட வலுவாக அழுத்தி வரக்கூடிய வெல்டர்வெயிட் இன்று யார்? பெயரைச் சொல்லட்டும்.

எடைப் பிரிவுகளின் எண்ணிக்கையும் இதோடு சேர்ந்தது. ராபின்சன் காலத்தில் பிரிவுகள் எட்டு. 147 பவுண்டைத் தாண்டினால் அடுத்த படி 160. நடுவே ஒதுங்க இடமில்லை. சிறந்த எதிராளி வேண்டும் என்றால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். இன்று பதினேழு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அமைப்புகள், ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பெல்ட். 140, 147, 154 என்று படிகள் நெருங்கி இருக்கின்றன. வலுவான எதிராளியைச் சந்திக்காமலேயே சாம்பியன் என்ற பெயரோடு வாழ்நாளைக் கழிக்க முடிகிறது.

இனி வேகமும் விஞ்ஞானமும். ஓட்டப்பந்தய ஒப்பீடு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதுவே அரைகுறை. ஓவன்ஸ் ஓடியது கரித்தூள் தடத்தில். கால் ஊன்றிப் புறப்படக் கட்டை கிடையாது. கைக்கரண்டியால் தரையில் குழி பறித்துக்கொண்டு புறப்பட்டார்கள். இன்றைய செயற்கைத் தடம் கொடுக்கும் எதிர்விசையை அந்தத் தடம் கொடுக்காது. நீளம் தாண்டுதலைப் பாருங்கள். ஓவன்ஸ் 1935இல் தாண்டிய 8.13 மீட்டரை முறியடிக்க உலகத்துக்கு 25 ஆண்டுகள் பிடித்தன. 1968இல் பாப் பீமன் தாண்டிய 8.90 மீட்டர் இன்றுவரை ஒலிம்பிக் சாதனை. 1991இல் மைக் பவல் தாண்டிய 8.95 மீட்டர் இன்றுவரை உலக சாதனை. அங்குலம் அங்குலமாக அளக்கக்கூடிய விளையாட்டிலேயே முன்னேற்றம் ஏணிபோல் ஏறிக்கொண்டே போகவில்லை. இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றப் பார்க்கும் விளையாட்டில் மட்டும் அது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் என்பது எந்தக் கணக்கு?

ரிங்கில் நாம் வேகம் என்று பார்ப்பதில் பெரும்பங்கு தசையில் இல்லை. எதிராளியின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, ஜாப் போட்டுவிட்டுக் கையை இழுக்கும்போது அது எவ்வளவு தாழ்கிறது, எப்போது மூச்சு வாங்குகிறார் என்பதைப் படித்துவிட்டவர் அரை விநாடி முன்னாலேயே புறப்பட்டுவிடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மின்னலாகத் தெரிகிறது. 1957 மே 1 அன்று சிகாகோவில் ஜீன் ஃபுல்மரை ராபின்சன் வீழ்த்திய விதம் இதற்குச் சான்று. நான்கு மாதம் முன்பு இதே ஃபுல்மர் அவரை முரட்டுத்தனமாக அடித்துப் பட்டத்தைப் பறித்திருந்தார். மறுசண்டையின் ஐந்தாவது ரவுண்டில் ராபின்சன் உடம்புக்கு வலது கையால் குத்தினார். தடுக்கக் கை இறங்கியது. பின்னால் நகர்ந்துகொண்டே போட்ட ஒரு இடது ஹூக் தாடையில் இறங்கியது. அதுவரை யாரிடமும் எண்ணி முடிக்கும்வரை விழுந்து கிடந்திராத ஃபுல்மர் எழவில்லை. ராபின்சனுக்கு 36 வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. எந்த ஊட்டச்சத்து நிபுணர் அந்தக் குத்தைக் கற்றுக்கொடுப்பார்?

அந்தப் பார்வை ஒரே வழியில்தான் வரும்: சண்டை போட்டு. 1940 அக்டோபர் 4 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ராபின்சன் முதல் தொழில்முறைச் சண்டை போட்டார். அன்றைய பெரிய சண்டை ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஃப்ரிட்ஸி ஸிவிக்குக்கும் நடந்த வெல்டர்வெயிட் பட்டச் சண்டை. ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் என மூன்று பட்டங்களை 1938இல் ஒரே நேரத்தில் வைத்திருந்தவர் ஆம்ஸ்ட்ராங். அவரிடமிருந்து அன்று பட்டத்தைப் பறித்தவர் ஸிவிக், ரிங்கில் தெரிந்த அத்தனை தந்திரங்களும், தெரியக் கூடாத தந்திரங்களும் தெரிந்தவர். ஓராண்டு கழித்து, 1941 அக்டோபரில், இருபது வயது ராபின்சன் அந்த ஸிவிக்கையே வென்றார். சில மாதத்தில் மறுபடி மோதிப் பத்தாவது ரவுண்டில் நிறுத்தினார். ஸிவிக்கிடம் கற்ற பாடங்களைப் பிற்காலத்தில் ராபின்சனே நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

முதல் சண்டையிலிருந்து முதல் தோல்வி வரை 28 மாதங்களில் அவர் வென்ற சண்டைகள் 40. 1946 டிசம்பர் 20 அன்று டாமி பெல்லை 15 ரவுண்டில் வென்று வெல்டர்வெயிட் சாம்பியன் ஆனபோது அவர் கையில் ஏற்கெனவே 70க்கும் மேற்பட்ட வெற்றிகள் இருந்தன. எரால் ஸ்பென்ஸ் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய சண்டைக்கு, 2023 ஜூலையில் கிராஃபோர்டை எதிர்கொள்ள, 28 சண்டை அனுபவத்தோடு வந்தார். அதற்கு முந்தைய இரண்டு சண்டைகள் 2020 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் நடந்தவை. நடுவில் கண்ணில் காயம் பட்டது, அதற்கு முன்பே கார் விபத்து. அதற்கெல்லாம் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் காயம் படாத சாம்பியன்களும் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு சண்டைக்கு மேல் போடுவதில்லை. ராபின்சன் 1950ஆம் ஆண்டின் முடிவில் ஐரோப்பா போனவர் நவம்பர் 27 முதல் டிசம்பர் 25 வரை பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஜெனீவா, மறுபடி பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் என்று ஐந்து சண்டை போட்டு ஐந்திலும் வென்றார். அடுத்த பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் லமோட்டாவை 13ஆவது ரவுண்டில் நிறுத்தி மிடில்வெயிட் பட்டத்தை எடுத்தார்.

அந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் சாதாரண ஆட்களோடு போட்டவைதானே என்று கேட்பார்கள். ஆமாம், அதில் சில பெயர்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. ஆனால் சாமி ஆங்காட், மார்ட்டி சர்வோ, ஸிவிக், லமோட்டா, கிட் கவிலன் என்ற வரிசையை எந்த நவீன வெல்டர்வெயிட்டின் பட்டியலோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதில் ராபின்சன் மேல் ஒரு குறையும் உண்டு. சார்லி பர்லி என்ற அபாரமான கறுப்பின வீரரோடு அவர் மோதவே இல்லை. பர்லிக்குக் கடைசிவரை ஒரு பட்டச் சண்டைகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவு திறமையுள்ள ஒருவர் சாம்பியன் ஆகாமலேயே ஓய்வுபெறும் அளவுக்கு அந்தக் காலத்தில் ஆட்கள் நெருக்கியடித்தார்கள். அன்றைய அமெரிக்காவில் ஏழைப் பையன்களுக்குத் திறந்திருந்த சில கதவுகளில் குத்துச்சண்டையும் ஒன்று. நியூயார்க்கின் ஸ்டில்மன்ஸ் ஜிம்மில் தினமும் ஆயிரம் கண்கள் பார்க்க வெவ்வேறு பாணிக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிப் பழகினார்கள். ரே ஆர்செல், வைட்டி பிம்ஸ்டீன், சார்லி கோல்ட்மன் போன்ற வாத்தியார்கள் அங்கே இருந்தார்கள். 1950களில் தொலைக்காட்சி வாரம் தவறாமல் வீட்டுக்குள்ளேயே இலவசமாகச் சண்டை காட்டத் தொடங்கியதும் ஊர் ஊராக இருந்த சிறு அரங்குகள் காற்றுவாங்கி மூடப்பட்டன. புதியவர்கள் பழகும் இடம் போயிற்று. உடம்பு பெரிதான நல்ல பையன்கள் கூடைப்பந்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் போனார்கள். கூட்டம் குறைந்த இடத்தில் தரம் தானாக உயர்ந்தது என்று நம்பச் சொல்கிறார்கள்.

அந்தக் காலச் சண்டைகளில் நிழலுலகத்தின் கை இருந்ததே, அந்தப் பதிவுகளை எப்படி நம்புவது என்றும் ஒரு கேள்வி வருகிறது. இருந்தது. 1947இல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதை லமோட்டாவே 1960இல் அமெரிக்க செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஒரு தோல்வி விலைக்கு வாங்கப்பட்டது என்பதால் ராபின்சனின் ஜாப் மெதுவாகிவிடாது.

தலைமுறைக்குத் தலைமுறை உடம்பும் திறமையும் வேறு தளத்துக்குப் போய்விட்டன என்ற நம்பிக்கையைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ராபின்சனிலிருந்து இன்றுவரை ரிங்கில் ஒருவரையொருவர் தொட்டவர்களின் சங்கிலியைப் பின்தொடருங்கள். 1965இல் 44 வயதில் கடைசிச் சண்டையில் ராபின்சன் ஜோயி ஆர்ச்சரிடம் புள்ளிகளில் தோற்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆர்ச்சர் எமில் கிரிஃபித்திடம் இருமுறை தோற்றார். கிரிஃபித் 1977இல் தன் கடைசிச் சண்டையில் ஆலன் மின்டரிடம் தோற்றார். மின்டரை 1980இல் மார்வின் ஹாக்லர் நொறுக்கினார். ஹாக்லரை 1987இல் சுகர் ரே லெனார்டு வென்றார். 40 வயது லெனார்டை 1997இல் ஹெக்டர் கமாச்சோ நிறுத்தினார். அதே ஆண்டு கமாச்சோவை ஆஸ்கர் டி லா ஹோயா வென்றார். டி லா ஹோயாவை 2007இல் மேவெதரும் 2008இல் பாக்கியாவும் வென்றார்கள். இதில் பழையவர் தோற்ற இடமெல்லாம் பெரும்பாலும் அவர் வயது தேய்ந்து நின்ற இடம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் புது மனித இனம் வந்து சேர்ந்தது?

கடைசிக் கண்ணி இன்னும் சுவையானது. பாக்கியாவ் தொழில்முறைக்கு வந்தது 1995இல், 106 பவுண்டு எடையில். 2019இல் 40 வயதில், தன்னைவிடப் பத்து வயது இளையவரும் அதுவரை தோற்காதவருமான கீத் தர்மனைக் கீழே தள்ளி வெல்டர்வெயிட் பெல்ட்டை எடுத்தார். 2025 ஜூலையில், 46 வயதில், நான்கு ஆண்டுகள் ரிங்கைவிட்டு ஒதுங்கியிருந்தபின் வந்து, அன்றைய டபிள்யூபிசி வெல்டர்வெயிட் சாம்பியன் மரியோ பாரியோஸோடு 12 ரவுண்டு மோதிச் சமன் செய்தார். மேல் எடைப் பிரிவைப் பார்த்தால் ஜார்ஜ் ஃபோர்மன். 1969இல் தொடங்கி, பத்து ஆண்டு விட்டுவிட்டு, 1994இல் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 2014இல் 49 வயதில் பட்டச் சண்டையில் வென்றார். விஞ்ஞானம் குத்துச்சண்டையை வேறொன்றாக மாற்றியிருந்தால் இந்த முதியவர்கள் அதன் இளைஞர்கள் நடுவே ஒரு ரவுண்டுகூட நின்றிருக்க முடியாது. பாட்டன் காலத்து ஓட்டக்காரர் எவரும் 46 வயதில் ஒலிம்பிக் நூறு மீட்டரில் சமன் செய்ததில்லை. ஓட்டப்பந்தயத்தை அளவுகோலாகக் கொண்டுவந்தவர்களுக்கு இது ஏன் கண்ணில் படவில்லை?

படச்சுருள்களைப் பார்த்தோம், அவர் அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் பார்த்தது மிடில்வெயிட் ராபின்சனை. 1951இல் டர்பினோடும், 1957இல் ஃபுல்மரோடும் பசிலியோவோடும் மோதியவரை. அதாவது 30 வயதைத் தாண்டி, நூறு சண்டைகளுக்கு மேல் போட்டு, 13 பவுண்டு மேல் பிரிவில் நின்றவரை. 1940களின் வெல்டர்வெயிட் ராபின்சன் படமாகக் கிடைப்பது மிகக் குறைவு. தேய்ந்துபோன ராபின்சனைப் பார்த்து, அதையே அவருடைய உச்சம் என்று வைத்துக்கொண்டு, உச்சத்தில் நிற்கும் இன்றைய வீரரோடு ஒப்பிடுகிறார்கள்.

நவீன காலம் உறுதியாக மேலான இடம் ஒன்று உண்டு, அது பாதுகாப்பு. 1947 ஜூன் 24 அன்று கிளீவ்லேண்டில் ராபின்சனின் இடது ஹூக்கில் எட்டாவது ரவுண்டில் விழுந்த ஜிம்மி டாயில் மறுநாள் இறந்துபோனார். வயது 22. இன்றைய மருத்துவப் பரிசோதனைகள் இருந்திருந்தால் அவரை ரிங்கில் ஏறவே விட்டிருக்க மாட்டார்கள் என்று நம்பலாம். 1982இல் தென்கொரியாவின் டுக் கூ கிம் இறந்தபின்தான் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12க்கு இறங்கின. ஒருவர்கூட அந்தப் பழைய கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உயிரைக் காப்பதில் வந்த முன்னேற்றத்தை எடுத்துக்கொண்டு போய், குத்துவதிலும் தப்பிப்பதிலும் வந்த முன்னேற்றமாகக் காட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

இப்போது அந்த உண்மையான காரணம். வலக்கையை முன்வைத்து நிற்கும் இடக்கை நிலை. அந்தக் காலத்தில் உயர்மட்டத்தில் இடக்கையர்கள் அரிது. இடக்கைப் பழக்கத்தோடு ஒரு பையன் ஜிம்முக்கு வந்தால் வாத்தியார் முதல் வேலையாக அவன் காலை மாற்றி நிற்கவைத்துவிடுவார். அண்மைக் காலத்திலோ வெல்டர்வெயிட்டின் உச்சியில் அவர்களே பலர். பாக்கியாவ் இடக்கை நிலை, ஸ்பென்ஸ் இடக்கை நிலை, கிராஃபோர்டு வலமிருந்து இடத்துக்கும் இடமிருந்து வலத்துக்கும் சண்டையின் நடுவே மாறிக்கொள்பவர். எதிராளியின் கால் எங்கே இருக்கும், முதல் குத்து எந்தக் கோணத்திலிருந்து வரும் என்று உடம்பில் ஊறிய கணக்கெல்லாம் அங்கே மாறிப்போகும். இருநூறு சண்டை அனுபவம் இந்த ஒரு இடத்தில் ராபின்சனுக்கு முழுசாகக் கைகொடுக்காது.

ஸ்பென்ஸுக்கு அந்த இடக்கை நிலை மட்டும் போதாது என்று நினைக்கிறேன். அவர் நேராக வருகிறவர், உடம்பைக் குறிவைத்து இடைவிடாமல் குத்துகிறவர், தலையை அதிகம் நகர்த்தாதவர். 2023 ஜூலை 29 அன்று லாஸ் வேகஸில் கிராஃபோர்டு அவரை மூன்று முறை கீழே தள்ளி ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தியது அந்த நேர்கோட்டைப் படித்துத்தான். நேர்கோட்டில் வருகிறவர்களை எதிர்கொள்ள ராபின்சன் லமோட்டாவிடமே பயின்றுவிட்டார். மேவெதரிடம் நிலைமை வேறு. அவருடைய தோள் மறைப்பு நம் காலத்தின் மிக அழகான தற்காப்பு. ஆனால் அது பழைய அமெரிக்க ஜிம்களிலிருந்து வந்த சொத்து, ராபின்சனுக்குப் புதிதாக இருக்காது. மறைப்பைப் பார்த்து மலைத்து நின்றவர்களைத்தான் மேவெதர் சுலபமாக வென்றார். ராபின்சன் நிற்க மாட்டார். ஒரு கையை உடம்புக்கும் ஒரு கையைத் தலைக்குமாக ஐந்தாறு குத்துகளைக் கோத்துப் போட்டுக்கொண்டே இருப்பார், ஒவ்வொரு ரவுண்டிலும்.

கிராஃபோர்டுதான் கடினம். கையெட்டு 74 அங்குலம், ராபின்சனின் 72½ அங்குலத்தைவிட நீளம். முதல் சில ரவுண்டுகள் எதிராளியைப் படிப்பார், பிறகு பூட்டைத் திறந்துவிடுவார், திறந்தபின் முடிக்காமல் விடமாட்டார். 42 சண்டை, 42 வெற்றி. 2025 செப்டம்பரில் 168 பவுண்டு பிரிவுக்கு ஏறிப்போய்க் கனேலோ அல்வாரெஸையும் வென்றார். அவருடைய பலம் எதுவும் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுமை, தூரம் அளக்கும் கண், கால் மாற்றும் துணிவு, எதிராளி தடுமாறினால் முடிக்கும் வெறி: இவை 1940களில் எந்த வாத்தியாரும் பார்த்தவுடன் புரிந்துகொண்டு பாராட்டியிருக்கக்கூடிய குணங்கள். நவீனர்களில் சிறந்தவர் சிறந்தவராக இருப்பது பழைய காலத்தவரைப் போல் சண்டையிடுவதால்தான்.

ராபின்சனும் கிராஃபோர்டும் ஒரே ஒரு முறை, 12 ரவுண்டு, முந்தைய நாள் எடை என்ற இன்றைய ஏற்பாட்டில் மோதினால் கிராஃபோர்டு சிறு புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் வாய்ப்பை நான் மறுக்கவில்லை. பழகாத கோணத்துக்குக் கண் பழகுவதற்குள் நாலைந்து ரவுண்டு போய்விடலாம். ஆனால் 1958 வரை தன்னை வென்றவர்களில் மறுசண்டை கொடுத்த நால்வரையும் ராபின்சன் என்ன செய்தார் என்று பாருங்கள். லமோட்டாவை மூன்றே வாரத்தில் வென்றார். 1951 ஜூலையில் லண்டனில் டர்பினின் விசித்திரமான பாணியில் திகைத்துத் தோற்றவர், 64 நாள் கழித்து நியூயார்க்கில், புருவம் கிழிந்து ரத்தம் வழியும் நிலையில், பத்தாவது ரவுண்டில் அவரை நிறுத்தினார். ஃபுல்மரை நான்கே மாதத்தில் ஒரே குத்தில் சாய்த்தார். பசிலியோவிடம் 1957 செப்டம்பரில் இழந்த பட்டத்தை 1958 மார்ச்சில் 15 ரவுண்டு போராடித் திரும்ப எடுத்தார், 36 வயதில். நால்வரும் நான்கு வகை. நால்வரையும் ஒரே சண்டையில் படித்து முடித்திருந்தார்.

ஸ்பென்ஸும் கிராஃபோர்டும் மோதியபோது மறுசண்டைக்கு ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. அது நடக்கவே இல்லை. ராபின்சன் வாழ்ந்த காலத்தில் இரண்டாவது சண்டைக்குப் பெரும்பாலும் யாரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவில்லை. கிராஃபோர்டு முதல் சண்டையை வென்று போனால் எட்டு வாரத்துக்குள் எதிரே மறுபடி ராபின்சன் நிற்பார், அந்த இடக்கை நிலையை 12 ரவுண்டு பார்த்துவிட்ட கண்களோடு. அந்தச் சண்டையில் என் பணம் ராபின்சன் மேல்தான், பத்தாவது ரவுண்டுக்குப் பக்கத்தில், வலது கைக்குப் பின்னால் வரும் இடது ஹூக்கில்.